இரண்டு முடிச்சுப் பச்சை

கறுப்பு மாஸ்டர் கடைக்குள் கால் வைத்தாலே காய்கறிக்காரம்மாவுக்கு முகம் கடுகடுத்துவிடும். இத்தனைக்கும் மனிதர் தங்கமானவர். பேரம் பேசுவதில்லை, கூடையைக் கலைப்பதில்லை. ஆனால் தக்காளிப் பக்கம் போய்விட்டால் மட்டும் அவருக்கு என்னவோ ஆகிவிடும். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்குவார். பழுத்துப் பளபளவென்று கண்ணைப் பறிக்கிறதையும் அமுக்குவார். கல் மாதிரிப் பச்சைப்பசேலென்று கிடக்கிறதையும் அமுக்குவார்.

“மாஸ்டர், அது என்ன காலிங் பெல்லா? இந்த அமுக்கு அமுக்குறீங்க!” என்பார் அந்தம்மா.

“நல்ல பழமா வேணும்மா.”

“அதைப் பாக்கத்தானே கண்ணு இருக்கு?”

மாஸ்டர் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிடுவார். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. வெளியே சொல்லக்கூடிய பதிலாக இல்லை, அவ்வளவுதான். அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பிறவியிலேயே அப்படி. இரண்டும் ஒரே மாதிரி மங்கிய மண் நிறமாகத் தெரியும். பழமா, காயா என்பதை விரல்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். சிக்னல் விளக்கில் மேலே எரிந்தால் நிற்பார், கீழே எரிந்தால் போவார். இதெல்லாம் ஒரு பெரிய குறையா என்று கேட்டால், மற்றவர்களுக்கு இல்லைதான். ஆனால் மாஸ்டருக்குத் தொழில் பெயின்ட் அடிப்பது.

பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின்களுக்குப் பெயின்ட் அடிப்பவர் அவர். அதிலும் கறுப்பு மட்டும். கறுப்பில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உங்களுக்கும் எனக்கும் கறுப்பு என்றால் ஒரு கறுப்பு. அவருக்குப் பதினோரு கறுப்பு. சிலிண்டருக்கு அடிக்கிற மங்கல் கறுப்பு வேறு, பக்க மூடிக்கு அடிக்கிற பளபளக் கறுப்பு வேறு, சூட்டில் வெந்து வெந்து கிழடு தட்டிப்போன கறுப்பு வேறு. எந்த மூலையில் எண்ணெய்ப் பிசுக்கு விட்டுப்போயிருக்கிறது, எங்கே ஒரு சொட்டு கனமாக விழுந்திருக்கிறது என்பதையெல்லாம் மற்றவர்கள் விளக்கைத் தேடி எடுத்து வருவதற்குள் சொல்லிவிடுவார். நிறத்துக்குச் செலவாகாத பார்வை முழுவதும் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் போய்விட்டதோ என்னவோ.

யாராவது கலர் கேட்டு வந்தால் ஒரே பதில்தான். “கலரா? கலர் எவன் வேணும்னாலும் அடிப்பான் சார். இன்ஜினுக்குக் கறுப்புதான் மரியாதை.”

ஊர் இதைத் தலைக்கனம் என்றது. மாஸ்டர் அதை மறுக்கவே இல்லை. தலைக்கனம் பிடித்தவன் என்று பெயர் வாங்குவது எவ்வளவோ தேவலை என்று நினைத்தார். ஏனென்றால் இன்னொரு பெயரை அவர் ஒருமுறை வாங்கியிருந்தார். இருபது வயதில் வண்டிக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் சேர்ந்திருந்தபோது, ஒரு பச்சை வேனின் முன்பக்கத்தில் இருந்த கீறலை அடைக்கச் சொன்னார்கள். தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, கண்ணாடி மாதிரிச் செய்துவைத்தார். வேலை சுத்தம். கலர் மட்டும் சிவப்பு. வேன்காரர் வந்து பார்த்துவிட்டு, “கிளிக்கு மூக்கு வெச்ச மாதிரி இருக்கேப்பா!” என்றாரே பார்க்கலாம், பட்டறையே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கப்புறம் அங்கே அவர் பெயர் கிளி. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி, எல்லாமே கறுப்பாக இருந்த ஓர் இன்ஜின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தச் சிரிப்பு மட்டும் காதைவிட்டுப் போகவே இல்லை.

இந்த ரகசியம் தெரிந்த இன்னொரு ஆள் அவர் மனைவி. ஊருக்கு அவள் டெய்லரம்மா. வீட்டு முன்னறையில் தையல் மிஷின், பின்பக்கம் தகரக் கொட்டகையில் மாஸ்டரின் பட்டறை. கல்யாணமான இரண்டாவது வாரம் சிவப்பு நூல் எடுத்துவரச் சொன்னாள். பச்சை வந்தது. மறுபடி கேட்டாள். வேறொரு பச்சை வந்தது. மூன்றாவது தடவை மிஷினை நிறுத்திவிட்டு ஒரு துண்டுத் துணியை அவர் முன்னால் நீட்டினாள்.

“இது என்ன கலருங்க?”

“ஏன், உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறேன்.”

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். இப்போது சிரிக்கப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை. நூல் டப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, “சிவப்புக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு ரெண்டு முடிச்சு. போதுமா?” என்று ஒவ்வொரு கண்டிலும் நூல் நுனியில் முடிச்சுப் போட உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் அவர் மனதைப் பறிகொடுத்தது அந்த நிமிஷத்தில்தான். கல்யாணம் அதற்கு முன்னாலேயே ஆகிவிட்டது என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷமாகச் சட்டைக் காலருக்கு உள்ளே, துண்டு நுனியில், போர்வை ஓரத்தில் என்று எல்லா இடத்திலும் அவருக்காக முடிச்சுகள் இருந்தன.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கைக்குள் ஒரு பல் டாக்டர் மூன்று மரப்பெட்டிகளோடு வந்து இறங்கினார். போன வருஷம் மாஸ்டரின் கடைவாய்ப் பல்லை வலியே தெரியாமல் பிடுங்கியவர். பெட்டிகளுக்குள் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிய ஒரு பழைய இன்ஜின்.

“இது என் முதல் வண்டி மாஸ்டர்,” என்றார் டாக்டர். “இந்த மாடலுக்கு மட்டும் கம்பெனிக்காரன் டேங்க்குக்கு அடிச்ச பச்சையையே இன்ஜினுக்கும் அடிச்சான். என் வீட்டுக்காரம்மா ஸ்கூல் டீச்சர். கல்யாணத்துக்கு முன்னாடி தினம் சாயங்காலம் அவ ஸ்கூல் கேட்ல இந்த வண்டியோட நிப்பேன். ‘பச்சை வண்டி வந்தாச்சு’ன்னு சொல்லிட்டே ஓடி வருவா. வர்ற மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை அவளுக்கு ரிட்டயர்மென்ட். அன்னைக்கு அதே கேட்ல, அதே வண்டியோட நிக்கணும். டேங்க் வேலை வேற ஒருத்தர்கிட்ட முடிஞ்சுபோச்சு. இன்ஜினை உங்ககிட்டதான் குடுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க.”

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “டாக்டர், கலர் எவன் வேணும்னாலும்...” என்று ஆரம்பித்தார். முன்னறையில் கடகடத்துக்கொண்டிருந்த தையல் மிஷின் சட்டென்று நின்றது.

“எடுத்துக்கறோம் டாக்டர்,” என்று அங்கிருந்தே குரல் வந்தது.

டாக்டர் போனபிறகு மாஸ்டர் குதிகுதியென்று குதித்தார். “உனக்கென்ன பைத்தியமா? மாறிப்போச்சுன்னா? ஊரே சிரிக்கும்! கிழக் கிளின்னு பேர் வெப்பாங்க!”

“நான் பக்கத்துல இருக்கேன்ல? எப்படி மாறும்?” என்றாள் அவள். “முப்பத்தொரு வருஷமாக் கறுப்பு, கறுப்பு, கறுப்பு. எனக்கும் அலுக்காதா?”

அன்றைக்கே டாக்டர் கொடுத்த கலர் அட்டையோடு பெயின்ட் கலக்கும் கடைக்குப் போய், சூடு தாங்குகிற பச்சை ஒரு டின் வாங்கிவந்தாள். போனதுதான் போனோம் என்று தன் தையல் மிஷினுக்காக அதே அளவில் அரக்குச் சிவப்பு ஒரு டின்னும் வாங்கிவந்தாள். அந்த மிஷினுக்குப் பெயின்ட் அடித்துத் தருவதாக மாஸ்டர் நான்கு வருஷமாக அவளுக்கு அல்வா கொடுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் டின்களில் ஒட்டிய சீட்டில் வெறும் நம்பர்தான் இருந்தது. அவள் கைப்பிடியில் வெள்ளைக் கயிறு கட்டினாள். சிவப்புக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு இரண்டு முடிச்சு.

பெயின்ட் அடிப்பது அரை நாள் வேலை. அதற்கு முன்னால் பத்து நாள் பாடு இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மறுபடி கழுவி, விரலால் தடவி மோந்து பார்த்தால் எண்ணெய் வாடையே வரக்கூடாது. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் உப்புத்தாள் பட்டையை நுழைத்து, குளித்துவிட்டு முதுகைத் துவட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுப்பார். ஓட்டைகளையெல்லாம் மருந்து பாட்டில் கார்க்காலும் பழைய போல்ட்டாலும் அடைப்பார். இரண்டு பாகம் ஒட்டி உட்காருகிற இடத்தில் பெயின்ட் ஒரு துளி பட்டாலும் பின்னால் எண்ணெய் கசியும். அதனால் அங்கே காகித டேப்பை ஒட்டி, ஓரத்தைச் சின்ன சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே வருவார். இரும்பு விளிம்பே கத்தியாகி டேப்பைக் கச்சிதமாக வெட்டிவிடும். இந்த டொக் டொக் சத்தமும் முன்னறைத் தையல் மிஷின் சத்தமும் சேர்ந்து ஒலிக்கும்போது மாஸ்டருக்கு உலகத்தில் வேறு எதுவுமே வேண்டியிருக்காது.

எல்லாம் தயாரானபோது வெளியூரிலிருந்து தகவல் வந்தது. மனைவியின் அக்கா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். ஒரு வாரமாவது கூட இருக்க வேண்டும்.

“நான் வர்ற வரைக்கும் டின்னைத் தொடாதீங்கன்னு சொல்லலாம். ஆனா நாள் இல்லை,” என்றாள் பையில் துணி அடுக்கிக்கொண்டே. “ரெண்டு முடிச்சு. அவ்வளவுதான். உங்க சாப்பாட்டுக்கு என் தம்பியை வரச் சொல்லியிருக்கேன்.”

தம்பி, அதாவது மாஸ்டரின் மச்சான், ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளின் சுத்தத்தை மேற்பார்வை பார்ப்பவன். கல்யாணம் ஆகாதவன். தலையணை ஒரு விரற்கடை கோணலாக இருந்தால்கூட அவனுக்குத் தூக்கம் வராது. வந்த முதல் நாள் சமையலறையைப் பளிச்சென்று ஆக்கினான். இரண்டாம் நாள் ஜன்னல்களை. மூன்றாம் நாள் மாஸ்டர் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் அத்தானுக்கு ஓர் ஆச்சரியம் கொடுப்போம் என்று பட்டறைக்குள் நுழைந்தான். இரண்டு டின்களில் அழுக்குக் கயிறு தொங்குவதைக் கண்டதும் அவனுக்கு உடம்பே கூசியது. கயிறுகளை அவிழ்த்துச் சோப்புப் போட்டு அலசினான். டின்களைத் தின்னர் தொட்டுத் துடைத்தான். அதில் கடைக்காரரின் சீட்டுகளும் போயின. கயிறு காய்ந்ததும், ஒன்றில் ஒரு முடிச்சும் மற்றதில் இரண்டும் இருப்பதைக் கவனித்து, ஏதோ அழகுக்குப் போட்டது என்று நினைத்து, கைக்கு வந்த டின்னில் கைக்கு வந்த கயிற்றைக் கட்டினான். பச்சைக்கு ஒரு முடிச்சு போயிற்று. சிவப்புக்கு இரண்டு.

மாஸ்டர் எழுந்துவந்து பார்த்துவிட்டுப் பதறித்தான் போனார். “மச்சான், கயிறை என்னப்பா பண்ணினே?”

“அப்படியேதான் இருக்கு அத்தான். துவைச்சுப் போட்டிருக்கேன். முடிச்சைக்கூட அவிழ்க்கலையே!”

முடிச்சு அவிழவில்லை என்றதும் மாஸ்டருக்கு மூச்சு வந்தது. நேரே பார்த்தார். ஆமாம், இதோ ஒன்று, இதோ இரண்டு. மேற்கொண்டு ஏதாவது கேட்டால் எதற்காகக் கேட்கிறார் என்று சொல்ல வேண்டிவரும். பேசாமல் இருந்துவிட்டார்.

மறுநாள் காலை வெயில் நன்றாக ஏறியதும் வேலையை ஆரம்பித்தார். பழைய இரும்பு அலமாரிக்குள் ஹீட்டர் கம்பி பொருத்தி அவரே செய்த அடுப்பு ஒன்று உண்டு. அதில் பாகங்களை வைத்து, கன்னத்தில் வைத்தால் பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்தார். சூடான இரும்பில்தான் பெயின்ட் ஓடாமல் பிடிக்கும். முதல் பூச்சு, மூச்சு விட்ட மாதிரி லேசாக. பிறகு இரண்டாவது. தகடுகளுக்கு நடுவில் மட்டும் மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு பக்கமும் நின்று பெயின்ட் தெளிக்கிற துப்பாக்கியைச் சாய்த்துச் சாய்த்து அடிக்க வேண்டும்; ஆசைப்பட்டு ஒரே மூச்சில் அடித்தால் வழிந்து மானத்தை வாங்கிவிடும். மூன்றாவது பூச்சு போட்டதும் பெயின்ட் மெல்லப் பரவி, தன்னைத்தானே இழுத்து நிரவிக்கொண்டு, ஜன்னலை அப்படியே காட்டியது. நிறம் எதுவானாலும் இந்த இடத்தில் மாஸ்டருக்குப் புல்லரிக்கும். அன்றும் புல்லரித்தது.

மச்சான் வாயில் துணி கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தான். “கலர் தூக்குது அத்தான்!”

“பின்னே? டாக்டர் சும்மாவா கேட்டார்?” என்றார் மாஸ்டர் பெருமையாக.

அலமாரியில் வைத்துப் பக்குவமாகச் சுட்டு, ஆறவைத்து, பூட்டி முடிக்க நாலு நாள் ஆயிற்று. சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் வந்தார். மச்சான் அக்காவை அழைத்துவர பஸ் நிலையத்துக்குப் போயிருந்தான். மேஜை மேல் போர்த்தியிருந்த துணியை மாஸ்டர் ஒரே இழுப்பில் உருவினார். முப்பத்தொரு வருஷத்தில் இதுதான் முதல் கலர்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மண்டியிட்டு, சிலிண்டருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

“மாஸ்டர்... அதே பச்சை. அச்சு அசல் அதே பச்சை!”

இன்ஜின் அங்கே ரத்தச் சிவப்பாக ஜொலித்துக்கொண்டிருந்தது.

“உங்களுக்குப் பிடிச்சுதா டாக்டர்?”

“பிடிச்சுதாவா? இந்தப் பச்சையைப் பாத்து எத்தனை வருஷமாச்சு!” என்று டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. “பச்சையில இது ஒரு தனிப் பச்சை டாக்டர்,” என்று அளந்துவிட்டார். “சும்மா இலைப் பச்சையெல்லாம் இல்லை. இதுல ஒரு ஆழம் இருக்கு, கவனிச்சீங்களா?” “கவனிக்காம?” என்றார் டாக்டர். அந்த இரண்டு பெரிய மனிதர்களுக்கும் அரக்குச் சிவப்பு இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்து, பச்சையின் பெருமையைப் பேசிப் பேசி மாளவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் டெய்லரம்மா வந்து சேர்ந்தாள். பட்டறை வாசலில் நின்றவள் நின்றவள்தான். அவள் கண்ணுக்குத் தெரிந்தது தன் தையல் மிஷினுக்கு வாங்கிய சிவப்பு. காதில் விழுந்தது பச்சை. பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்த தம்பி, “என்னத்தான், பச்சைங்கிறீங்க? இது...” என்று ஆரம்பித்தான். அவள் அவன் காலை நன்றாக ஒரு மிதி மிதித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

“வாம்மா, வா,” என்றார் மாஸ்டர் வாயெல்லாம் பல்லாக. “டாக்டர் என்ன சொல்றாருன்னு கேளு. அதே பச்சையாம்!”

அவள் கணவனைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கேலி செய்கிற மாதிரியும் தெரியவில்லை. மனிதருக்குக் கண்கூடக் கலங்கியிருந்தது. கொஞ்சம் யோசித்தாள். பிறகு தம்பி கையிலிருந்த பையை வாங்கி டாக்டருக்கு முன்னால் விரித்தாள்.

“அக்கா வீட்டுத் தோட்டத்துத் தக்காளி டாக்டர். பழமும் காயுமா கலந்து கிடக்கு. நல்ல பழமாப் பாத்து நாலு எடுத்துக்கங்க.”

“எதுக்கும்மா இதெல்லாம்?” என்று சொல்லிக்கொண்டே டாக்டர் பைக்குள் கைவிட்டார். ஒன்றை எடுத்தார். கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். ஒரு அமுக்கு.

மாஸ்டரின் பார்வை அந்தக் கட்டை விரலில் போய் நின்றது. அந்த அமுக்கு அவருக்குத் தெரிந்த அமுக்கு. வாழ்நாள் முழுக்க அவர் அமுக்கிய அமுக்கு. டாக்டரின் கையில் அப்போது இருந்தது நல்ல பழமா, காயா என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனால் வேறு எல்லாம் தெரிந்துவிட்டது. மெதுவாகத் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் உக்காருங்க,” என்றாள் அவள். உட்கார்ந்தார்கள். “இது பச்சை இல்லை. என் மிஷினுக்கு வாங்கி வெச்ச சிவப்பு.”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். வேன் பட்டறைச் சிரிப்பு எங்கிருந்தோ காதுக்குள் கிளம்பிவந்தது. முடிந்தது, திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தார். டாக்டர் வாயிலிருந்து சிரிப்பு வரும் என்று காத்திருந்தார். வந்தது கம்மிப்போன ஒரு குரல்.

“மாஸ்டர்... உங்களுக்குமா?”

மாஸ்டர் நிமிர்ந்தார். டாக்டர் முகத்தில் அசடு வழிந்துகொண்டிருந்தது, கையும் களவுமாகப் பிடிபட்ட பையன் மாதிரி.

“உங்களுக்குமா டாக்டர்?”

“பின்னே, நான் எதுக்குப் பல் டாக்டர் ஆனேன்னு நினைக்கிறீங்க? பல்லு வெள்ளை! ஈறு சிவந்திருக்கான்னு நர்ஸைக் கேட்டுக்குவேன். வீங்கியிருக்கான்னு அமுக்கிப் பாத்துக்குவேன். என் பொண்டாட்டிக்குக்கூட இன்னைக்கு வரைக்கும் தெரியாது.” டாக்டர் கையை நீட்டி இன்ஜினைக் காட்டினார். “நீங்க கறுப்பைப் பிடிச்சுக்கிட்டீங்க, நான் வெள்ளையைப் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் இந்தப் பச்சையில வந்து மாட்டிக்கிட்டோம்!”

“சிவப்புல,” என்று திருத்தினாள் டெய்லரம்மா.

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. மாஸ்டருக்கு வயிறு வலிக்கிற வரைக்கும் சிரிப்பு வந்தது. டாக்டர் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டார். அவள் கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்து, முந்தைய முப்பத்தொரு வருஷத்துக்கும் சேர்த்துச் சிரித்தாள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. விஷயம் புரியப் புரிய அவன் முகம் சுண்டிக்கொண்டே போயிற்று.

“அந்தக் கயிறு அழகுக்கு இல்லையா?” என்றான்.

“உன் தலை. இனிமே இந்தப் பட்டறையில தூசியைத் தொட்டாக்கூட என்னைக் கேட்டுட்டுத் தொடு,” என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. மறுபடி பிரித்து, பெயின்ட்டை உரித்து, முதலிலிருந்து வர வேண்டும். தினமும் கிளினிக்கை மூடிவிட்டு டாக்டர் நேரே பட்டறைக்கு வந்தார். தகடுகளின் அடி மூலையில் உரியாமல் அடம்பிடித்த சிவப்பை எடுக்க மாஸ்டரிடம் இருந்த எந்தக் கருவியும் நுழையவில்லை. டாக்டர் பையைத் திறந்து, பல் இடுக்கில் காறை சுரண்டுகிற வளைந்த ஊசியை எடுத்தார். “வாயைப் பெரிசாத் திறங்க,” என்று சிலிண்டரிடம் சொல்லிவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தார். இன்ஜின் நம்பரின் குழிகளிலிருந்து ஒரு துளி விடாமல் எடுத்துக் காட்டினார். மாஸ்டர் அந்த ஊசியை ஆசையோடு தடவிப் பார்த்தார். கடைசி நாள் டாக்டர் அதை அவருக்கே கொடுத்துவிட்டார். இந்தத் தடவை இரண்டு ஆண்களும் அடிக்கொருதரம் தலையைத் திருப்பி, “இன்னும் எங்கேயாவது சிவப்பு இருக்கா?” என்று கூச்சமில்லாமல் கேட்டார்கள். டெய்லரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “இடது ஓரத்துல ஒரு பொட்டு,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் மாஸ்டரும் மனைவியும் நின்றார்கள். பஸ்ஸுக்காக இல்லை. கேட்டருகே டாக்டர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வண்டி மேல் சாய்ந்து நின்றார். இன்ஜின் டுப் டுப்பென்று நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

“இப்ப அது பச்சைதானே?” என்று மாஸ்டர் ரகசியமாகக் கேட்டார்.

“பச்சைதாங்க. பச்சைப்பசேல்னு இருக்கு.”

கையில் பூங்கொத்தும் பையுமாக டீச்சரம்மா வெளியே வந்தார். இரண்டு அடி வைத்தவர் அப்படியே நின்றார். “ஐயோ, பச்சை வண்டி வந்தாச்சு!” என்று தெருவே கேட்கும்படி ஒரு கூச்சல் போட்டார். பூங்கொத்தை யாரிடமோ திணித்துவிட்டு, நரைத்த தலையோடு ஓடியே வந்தார். டாக்டர் இன்ஜினை அணைத்தார். தயங்கித் தயங்கி ஏதோ சொன்னார். எதிர்ப்பக்கம் நின்ற மாஸ்டருக்கு அது கேட்கவில்லை. டீச்சரம்மாவின் பதில் மட்டும் வகுப்பெடுத்துப் பழகிய குரலில் தெளிவாகக் கேட்டது.

“இதைச் சொல்லவா இத்தனை வருஷம்? உங்க சாக்ஸையெல்லாம் தினம் ஜோடி சேத்து வெக்கிறது யாருன்னு நினைச்சீங்க?”

சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து டாக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பிப் போயிற்று. மாஸ்டர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் வேலை ஓடுவதைப் பார்த்தது ஒரு காரணம். சொன்னால் இடிந்துவிழும் என்று அவர் பயந்துகொண்டிருந்த எதுவும் அங்கே இடிந்து விழவில்லை என்பது இன்னொரு காரணம்.

வீட்டுக்குப் போகிற வழியில் காய்கறிக் கடை. நாலைந்து பேர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் நேரே தக்காளிக் கூடைக்கு முன்னால் போய் நின்றார். காய்கறிக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தயாரானார்.

“அம்மா,” என்றார் மாஸ்டர், எல்லோருக்கும் கேட்கும்படியாக. “எனக்குச் சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரியாது. பொறந்ததிலேருந்தே. நல்ல பழமா நீங்களே பாத்துப் போடுங்க.”

அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அட பாவி மனுஷா! இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? எத்தனை தக்காளியைக் கொன்னீங்க!”

கடையே சிரித்தது. பக்கத்தில் நின்ற மனைவி எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தாள். மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டார். வேன் பட்டறைச் சிரிப்பு மாதிரி அது இல்லவே இல்லை. அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே பையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். “இது பழம். இதுவும் பழம். இந்தாங்க, இது ரொம்ப நல்ல பழம்,” என்று அந்தம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டார். கட்டை விரலுக்கு வேலை இல்லாமல் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.